பாடத் தெரிவுப் படிவம் வருமுன் பட்டறையைக் காட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகிச் சில வாரங்களில் வன்னிப் பிரதேசத்தின் பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகள் நடைபெறுவது வழக்கம். பெண்பிள்ளைகளும் தொழில்நுட்பத் துறைகளுக்கு வரவேண்டும் என்று மேடையில் இருப்பவர்கள் நல்ல மனத்துடனேயே சொல்கிறார்கள். கூட்டம் கலையும்போது பார்த்தால், பெண்பிள்ளைகளின் கைகளில் தையல், அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும், ஆண்பிள்ளைகளின் கைகளில் மோட்டார் வாகனத் திருத்தம், வயறிங், வெல்டிங் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும் இருக்கின்றன. கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளில் நீண்ட காலம் தொழில்நுட்பப் பாடங்களைக் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதற்கு நான் காணும் முதன்மையான காரணத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கல்வி அதிகாரிகளின் கவனத்துக்கும் பெற்றாரின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகின்றேன். அந்தக் கருத்தரங்கு இரண்டு வருடம் பிந்தி நடக்கிறது என்பதே அந்தக் காரணம்.

ஒரு பிள்ளை எதைச் செய்யக்கூடியவள், எதைச் செய்யக்கூடியவன் என்பதை எங்கள் பாடசாலைகள் தரம் 9 இன் முடிவிலேயே தீர்மானித்துவிடுகின்றன. தரம் 6 இலிருந்து தரம் 9 வரை செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் என்ற பாடத்தை ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் கற்கின்றனர். அதன் பின்னர், சாதாரண தரத்துக்கான ஆறு கட்டாய பாடங்களுடன் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு பாடத்தைத் தெரிவு செய்வதற்கான படிவம் வருகிறது. மூன்றாம் தொகுதியிலேதான் மனைப் பொருளியல் இருக்கிறது. விவசாயமும் உணவுத் தொழில்நுட்பவியலும் இருக்கிறது. நிர்மாணம், இயந்திரவியல், மின்னும் இலத்திரனியலும் ஆகிய துறைகளுக்கான வடிவமைப்புப் பாடங்களும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் கற்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலை வன்னியில் அரிது. இரண்டோ மூன்றோ பாடங்கள் மட்டுமே உள்ள இடத்தில் நேரசூசி ஒன்றே மாணவரைப் பிரித்துவிடுகிறது: மணி அடித்ததும் பெண்பிள்ளைகள் மனையியல் கூடத்துக்கும் ஆண்பிள்ளைகள் பட்டறைக்கும் நடக்கிறார்கள். அப்படிப் பிரிந்து போகும்படி யாரும் உத்தரவிட்டதில்லை. ஆனால் பிரியாமல் போனதை நான் கண்டது மிகக் குறைவு.

மூன்றாம் தொகுதிப் பாடம் உயர்தரத்தின் கதவை அடைத்துவிடுவதில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அது சரிதான். 2013 இல் தொடங்கப்பட்ட உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவிலோ, 2017 இல் ஆரம்பிக்கப்பட்ட பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பாடங்களிலோ எந்தப் பிள்ளையும் சேர விண்ணப்பிக்கலாம். ஆயினும் இரண்டு வருடங்களாக ஒரு திருகாணியையும் தொடாத பிள்ளை, பதினாறு வயதில் தனக்கு அந்த வேலை வராது என்று முடிவு செய்திருப்பாள். அதே இரண்டு வருடங்கள் பட்டறையில் நின்ற பையனுக்கோ அந்த இடம் தன்னுடையது என்ற எண்ணம் ஊறியிருக்கும். கதவு திறந்திருக்கிறது என்று அதன் பின்னர் சொல்வதால் பயன் அதிகம் இல்லை.

இதில் என் பங்கையும் நான் மறைக்க விரும்பவில்லை. பல வருடங்களுக்கு முன்னர், என் தரம் 9 வகுப்பில் பற்றாசு பிடிப்பதில், அதாவது உருக்கிய ஈயத்தால் கம்பிகளை ஒட்டுவதில், மிகவும் நேர்த்தியான கையுடைய ஒரு மாணவி இருந்தாள். பையன்கள் ஈயத்தைக் கட்டியாக உருக்கிக் கம்பியைக் கருக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் வைத்த ஒட்டு மினுமினுவென்று, தேவையான அளவுக்கு மேல் ஒரு துளியும் இல்லாமல் இருக்கும். அவள் மின்னியல் பாடத்தை எடுப்பாள் என்று நான் எண்ணியிருந்தேன். படிவத்தில் மனைப் பொருளியல் என்று எழுதிக்கொண்டு வந்தாள். தாயாரை அழைத்துக் கேட்டபோது, பத்துப் பதினைந்து பையன்களுடன் தன் பிள்ளை மட்டும் தனியே ஒரு அறையில் இருக்க வேண்டும், அது சரிவராது சேர் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. மனைப் பொருளியலில் நல்ல பெறுபேறு எடுப்பாள் என்று அவருக்குச் சமாதானமும் சொல்லிப் படிவத்தில் கையொப்பமிட்டேன். அவள் நல்ல பெறுபேறு எடுத்தாள் என்பதும் உண்மைதான்.

அந்தத் தாயார் கூறிய காரணத்தை நான் பல வருடங்கள் தவறாக விளங்கிக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைக்கு அந்த வேலை தகாது என்று அவர் சொல்லவில்லை. பிள்ளை தனித்துப் போவாள் என்றே சொன்னார். இன்னும் இரண்டு மாணவிகளைச் சேர்த்து மூவராக அனுப்ப நான் முயன்றிருந்தால் அவர் சம்மதித்திருக்கக் கூடும். ஒரு வகுப்பில் ஒரே ஒரு பெண்பிள்ளையைச் சேர்த்துவிட்டு அவளைச் சாதனையாளர் என்று படம் எடுத்துப் போடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அந்தப் படம் மற்றத் தாய்மாருக்கு என்ன சொல்லும் என்பதையும் சற்று யோசிக்க வேண்டும்.

வன்னியில் இருந்துகொண்டு, பெண்களால் கடினமான வேலை முடியுமா என்று கேட்பது எனக்கு விந்தையாகவே படுகிறது. இடப்பெயர்வுகளின்போது தறப்பாளைக் கட்டியதும், கொட்டிலுக்கு வளை ஏற்றியதும், கிடுகு வேய்ந்ததும், மண்ணெண்ணெய் நீர்ப்பம்பியைக் கழற்றிப் பூட்டி மீண்டும் ஓடவைத்ததும் பெரும்பாலும் யார் என்பதை அந்தக் காலத்தைக் கடந்து வந்த எவரும் மறந்திருக்க முடியாது. மீள்குடியேற்றத்தின் பின்னர் முகமாலையிலும் முல்லைத்தீவின் காடுகரம்பைகளிலும் கண்ணிவெடி அகற்றும் பணியில் இறங்கியவர்களில் இந்த மண்ணின் பெண்கள் பலர். தடித்த பாதுகாப்பு அங்கியும் முகக்கவசமும் அணிந்து, கொளுத்தும் வெயிலில் முழந்தாளிட்டு, விரற்கடை விரற்கடையாக மண்ணைக் கிளறி, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் அவர்கள். அளவுகருவியை நம்பி வேலை செய்வதும், ஒழுங்குமுறையை ஒரு படி கூடத் தவறவிடாமல் பின்பற்றுவதும் அவர்களுக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட பழக்கம். ஒரு மின்னிணைப்பாளரிடமோ இயந்திரத் திருத்துநரிடமோ வேறு என்ன தகுதியை எதிர்பார்க்கிறோம்? நிலம் துப்புரவாகத் துப்புரவாக அந்த வேலை குறைந்து போகும். அப்போது அந்தப் பெண்களிடம் ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்து வாழ்வாதார உதவி என்று பெயரிடுவோமானால், அவர்களின் கைப்பழக்கத்தை நாங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்படும். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் முறையில், வேலை அனுபவத்தையே மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியும் இருக்கிறது. கராஜிலும் கட்டட வேலையிலும் கைதேர்ந்த ஆண்கள் அதனால் பயனடைகிறார்கள். பெண்கள் பக்கம் அந்தச் செய்தி போய்ச் சேர்வது குறைவு.

ஆண்பிள்ளைகளின் பக்கமும் ஒரு வழக்கு இருக்கிறது. கலியாண வீட்டிலும் கோயில் அன்னதானத்திலும் பெரிய கிடாரங்களில் சமைப்பவர்கள் ஆண்கள். சந்தையடியில் கால்சட்டை தைத்துக் கொடுக்கும் தையற்காரர்களும் ஆண்கள். ஆனால் பாடசாலையில் சமையலும் தையலும் பெண்பிள்ளைகளின் பாடம். கூலி கிடைக்கும் சமையல் ஆணுக்கும், கூலி இல்லாத சமையல் பெண்ணுக்கும் என்று நாங்கள் பங்கிட்டு வைத்திருக்கிறோம் போலும். நோயாளரைப் பராமரிப்பதில் இயல்பான ஆர்வம் உள்ள பையன்களை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். தாதியர் சேவைக்கு ஆண்களும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள் என்பதைக் கூட அவர்களிற் சிலர் அறிந்திருக்கவில்லை. முன்பள்ளி ஆசிரியராக வரவேண்டும் என்று ஒரு பையன் சொன்னால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். பெண்பிள்ளை பட்டறைக்குப் போனால் துணிச்சல்காரி என்ற பெயராவது கிடைக்கும், பையன் மறுபக்கம் போனால் அதுவும் கிடைப்பதில்லை.

பிற நாடுகள் இதை வாய்ச்சொல்லாக விடாமல் கணக்கில் வைத்திருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் தொழிற்கல்விக்கு மத்திய அரசு நிதி வழங்கும் சட்டம், ஒரு தொழிலில் ஒரு பாலாரின் தொகை நூற்றுக்கு 25 இற்கும் குறைவாக இருக்குமானால் அது அவர்களுக்கு மரபல்லாத தொழில் என்று வரையறுத்து, அத்தகைய கற்கைகளில் மாணவர் பங்குபற்றுவதை மாநிலங்கள் கணக்கிட்டு அறிக்கையிட வேண்டும் என்று கேட்கிறது. ஜேர்மனியில் 2001 இலிருந்து வருடத்தில் ஒரு நாள் பெண்பிள்ளைகளைத் தொழிற்சாலைகளும் ஆய்வுகூடங்களும் பட்டறைகளும் வரவேற்கின்றன. 2011 இலிருந்து அதே போல ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு நாள் ஒதுக்கி, முதியோர் பராமரிப்பு, மருத்துவத் தாதியம், சிறுவர் பராமரிப்பு நிலையங்கள் போன்ற இடங்களை அவர்களுக்குக் காட்டுகிறார்கள். பேச்சைக் கேட்கும் நாளாக அல்லாமல், பிள்ளைகள் வேலையைக் கண்ணால் பார்த்துக் கையால் தொடும் நாளாக அது அமைகிறது.

ஜேர்மன் அரசின் உதவியுடன் கட்டப்பட்டு 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் எங்கள் கிளிநொச்சியில், அறிவியல் நகரில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அதே அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியாவில் 2021 இலிருந்து தனியான பல்கலைக்கழகமே இயங்குகிறது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள பிள்ளை பதினான்கு வயதில் இவற்றில் ஒன்றையாவது உள்ளே சென்று பார்ப்பதற்கு ஒரு பேருந்தும் ஒரு பகற்பொழுதும் போதும். ஜேர்மனியிடமிருந்து கட்டடத்தைப் பெற்றுக்கொண்ட நாங்கள் அந்த ஒரு நாள் வழக்கத்தையும் பெற்றுக்கொள்வதில் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வடமாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களிடமும் நான் வேண்டுவது இதுதான். தரம் 9 மாணவருக்குப் பாடத் தெரிவுப் படிவம் வழங்கப்படுவதற்கு முன்னர், அந்த வருடத்திலேயே, ஒரு முழு நாள் பட்டறை அனுபவம் கொடுக்கப்பட வேண்டும். பெண்பிள்ளைகள் வாகன இயந்திரத்தைக் கழற்றவும், சுவரில் ஒரு மின்குமிழுக்கு இணைப்புக் கொடுக்கவும், செங்கல் வரிசை பிடிக்கவும் வேண்டும். ஆண்பிள்ளைகள் வைத்தியசாலை விடுதியில் தாதியருடன் நிற்கவும், முன்பள்ளியில் ஒரு காலைப்பொழுதை நடத்தவும், உணவு பதனிடும் இடத்தில் வேலை பார்க்கவும் வேண்டும். சுற்றுலா போலக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் பணிசு தின்று குளிர்பானம் குடித்துத் திரும்புவதால் எதுவும் ஆகாது. இயன்றவரை, அந்தந்தத் துறையில் ஏற்கெனவே பயிலும் அல்லது பணிபுரியும் பெண்களும் ஆண்களுமே அவர்களுக்கு வேலையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இலங்கையின் முதலாவது பெண் பொறியியலாளர் 1960களில் பட்டம் பெற்ற பிரேமளா சிவசேகரம் என்ற தமிழ்ப்பெண் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது; அதைவிட, பக்கத்து ஊர் அக்கா ஒருத்தி மல்ரிமீற்றரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் காட்டுவது அவர்கள் மனத்தில் நன்றாகப் பதியும்.

தாய் தந்தையரில் ஒருவரேனும் அன்று உடன் வரவேண்டும். பெற்றார் கேட்கும் கேள்விகளைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவோர் உளர். எனக்கு அவை நியாயமான கேள்விகளாகவே தோன்றுகின்றன. பெண்களுக்குத் தனி மலசலகூடம் இருக்கிறதா, மாலை வகுப்பு முடிந்த பின்னர் பேருந்து இருக்கிறதா, விடுதி வசதி எப்படி, தொல்லை கொடுப்பவர் இருந்தால் யாரிடம் முறையிடுவது ஆகிய நான்குக்கும் பயிற்சி நிறுவனங்கள் எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். தாவணி கடைசல் இயந்திரத்தில் சிக்கும் என்று ஒரு தாயார் பயந்தால், அவருக்குத் தேவையானது அறிவுரை அல்ல, பிள்ளையின் அளவுக்குப் பொருந்தும் பட்டறை உடுப்பு. அந்தப் பயம் உண்மையான பயம். எந்த இயந்திரப் பட்டறையிலும் தொங்கும் துணி ஆபத்தானது.

எந்தப் பிள்ளையையும் எதற்கும் வற்புறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. தையலை விரும்பும் பெண்பிள்ளை தையலையே கற்கட்டும். நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார் என்ற நிலையில், அவள் தெரிவு செய்யும் வேலைக்குத் தன் ஊரில் உழைப்பு உண்டா என்பதை மட்டும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரே கிராமத்தில் பத்துப்பேர் தையல் சான்றிதழோடு இருக்கிறார்கள். நீர்ப்பம்பி பழுதானால் திருத்துவதற்கு ஆள் தேடிப் பரந்தன் சந்திக்குப் போக வேண்டியிருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்து வாழும் எங்கள் ஊரவர்களும் விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் வழங்கும் பணத்தில் ஒரு பகுதி இந்தப் பேருந்துக்குப் போதுமானது. வலயங்கள் ஒவ்வொரு வருடமும் மூன்றாம் தொகுதியில் எந்தப் பாடத்தை எத்தனை ஆண்பிள்ளைகளும் எத்தனை பெண்பிள்ளைகளும் தெரிவு செய்தனர் என்ற பட்டியலைப் பாடசாலை வாரியாக வெளியிட்டால், பயணம் பயன் தந்ததா இல்லையா என்பது இரண்டே வருடத்தில் தெரிந்துவிடும். அந்த எண்கள் அதிபர்களின் அலுமாரிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகச் சேகரிக்க வேண்டிய தேவை இல்லை. அடுத்த தெரிவுப் படிவம் இந்த வருட முடிவில் வரும். என் அயலிலுள்ள பாடசாலைகளுள் ஏதேனும் ஒன்று முதற் பயணத்தை ஒழுங்கு செய்யுமானால், பிள்ளைகளுடன் கூட வந்து பற்றாசு பிடிக்கக் காட்டிக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பாட ஆசிரியர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.