விருந்துப் படகுகளும் மதுபான அனுமதிப்பத்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்ததும் தேம்ஸ் நதியில் படகொன்றை வாடகைக்கு அமர்த்திப் பிறந்தநாள், திருமண ஆண்டுநிறைவு என்று கொண்டாடும் குடும்பங்கள் லண்டனில் நம்மவர்களிடையேயும் உண்டு. அப்படகில் பரிமாறப்படும் மதுவுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை முற்பணம் கட்டுமுன் கேட்டறியுங்கள் என்று தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சென்ற கோடையில் என் அண்ணாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் பேசிய படகுக்காரரின் விலைப்பட்டியலில், தலைக்கு இவ்வளவு, குடிவகை உட்பட என்று இருந்தது. அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டேன். "இது உங்கள் குடும்ப விருந்து, வெளியாட்கள் ஏறமாட்டார்கள், பத்திரம் தேவையில்லை" என்றார். நானும் நம்பிவிட்டேன். படகில் ஏறியபோது சமையலறை வாசலில் ஐஸ் நிரப்பிய இரண்டு நீலத் தொட்டிகள் இருந்தன. அவற்றிலிருந்து பியர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பையன், பதினைந்து வயதே ஆன எங்கள் அக்காவின் பேரனிடமும் ஒரு கேனை நீட்டினான். வயதை அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அங்கே எவரும் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், விருந்து குடும்பத்தினருக்கானதா ஊராருக்கானதா என்று பார்ப்பதில்லை. மது விற்கப்படுகிறதா என்றே பார்க்கிறது. வாடகையோடு சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு படகுக்காரர் கொடுக்கும் மதுவும் விற்பனைதான். நாமே வாங்கிச் சென்று நம் விருந்தினருக்குக் காசு வாங்காமல் கொடுப்பதற்கு மட்டுமே பத்திரம் தேவைப்படாது.

படகு ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால், அது வழக்கமாகக் கட்டப்படும் இடத்தின் கவுன்சிலே அனுமதி வழங்க வேண்டும். நாம் வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறினாலும், படகு கட்டப்படுவது கிரீனிச்சில் என்றால் கிரீனிச் கவுன்சிலின் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். அதை எவரும் பார்வையிடலாம். பத்திரத்தில் மது விற்பனைக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் ஒருவரின் பெயர் இருக்கும். பத்திரத்தின் சுருக்கம் படகில் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அனுமதியின்றி விற்பவருக்கு அபராதத்தோடு ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். எப்போதாவது ஒரு விருந்துக்கு மட்டும் மது விற்பவருக்குக்கூட, பத்து வேலைநாட்களுக்கு முன்பே 21 பவுண்ட் கட்டித் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுக்கும் வழி இருக்கிறது. இவ்வளவு எளிய வழி இருக்கும்போது, தேவையில்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1989 ஆகஸ்ட் 20 அதிகாலையில் இதே நதியில், பிறந்தநாள் விருந்துக்காக அமர்த்தப்பட்ட 'மார்ச்சியோனஸ்' படகு 'போபெல்' என்ற மணல் அள்ளும் கப்பலோடு மோதி மூழ்கியதில் 51 பேர் உயிரிழந்தனர். விருந்தினரின் குடி அந்த விபத்துக்குக் காரணமல்ல. இரு கலங்களிலும் முன்னே பார்த்துக் காவல் காப்பதில் இருந்த குறையே காரணம். ஆனாலும் நடு ஆற்றில் ஓர் ஆபத்து வந்தால் எழுந்து வெளியே போய்விட வாசல் கிடையாது. அந்த நேரத்தில், யார் எவ்வளவு குடித்திருக்கிறார்கள், குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்த பொறுப்பானவர் ஒருவர் படகில் இருக்க வேண்டாமா? அந்த மேற்பார்வையை வற்புறுத்துவதால்தான் பத்திரத்தை வெறும் காகிதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

தங்கள் பத்திரிகையில் விருந்துப் படகுகளுக்கான விளம்பரம் வரும்போது, அனுமதி வழங்கிய கவுன்சிலின் பெயரையும் பத்திர எண்ணையும் சேர்த்துத் தரும்படி விளம்பரதாரர்களிடம் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஒரு வரி இடம்தான் அதற்குத் தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்