குறளோடு அதிகாரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் பெட்டி கட்டி வரும் பொன்மொழிகளை, பின்னேரம் என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். பிறகு எந்தத் தலைப்பில் கட்டுரை கேட்டாலும் சரி, கடைசி வரியாக அதில் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். அதுபற்றித்தான் எழுதுகிறேன்.

தொல்காப்பியம் செய்யுளியலில் முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம், ஒளி, மென்மை எல்லாம் வேண்டும் என்றுவிட்டு, அது 'குறித்த பொருளை முடித்தற்கு' வரும் என்கிறது. அப்படியென்றால் முன்னால் ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் அந்தப் பேச்சு இல்லை.

'அஞ்சுவது அஞ்சாமை பேதைமை' என்கிறார் வள்ளுவர். 'அச்சமே கீழ்களது ஆசாரம்' என்பதும் அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் போட்டால் பிள்ளை எதை எடுக்கும்? முதலாவது 428, அறிவுடைமை. மற்றது 1075, கயமை. அறிவுள்ளவர் பழிக்கு அஞ்சுகிறார். கயவர் பெரும்பாலும் தண்டனைப் பயத்தால்தான் ஒழுங்காக இருக்கிறார். அதிகாரப் பெயரைச் சொன்னதுமே முரண் தீர்ந்துவிடும். ஏழு சீருக்குள் அவ்வளவையும் அடக்க முடிந்ததற்கு, பாதிப் பாரத்தை அதிகாரம் சுமப்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஔவையார் சொன்னதாக வழங்கும் 'வரப்புயர' வாழ்த்தையும் இப்படித்தான் படிப்பிக்க வேண்டும். வரப்புயர நீர் உயரும், நீர் உயர நெல் உயரும் என்று ஒவ்வொரு படியும் முந்தினதின் கையைப் பிடித்துக் கோன் வரை ஏறுகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு போகமும் நெல் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு வரப்பைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் 'நெல் உயரக் குடி உயரும்' என்ற இடத்தில் ஒரு பிள்ளை மறித்தாள். "நல்லா விளைஞ்ச வருசம் நெல் விலை விழுந்துபோகுதே சேர், பிறகு குடி எப்படி உயரும்?" என்றாள். அன்று மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு படியைப் பற்றித்தான் பேசினோம். அவள் அந்த வரியைச் சரியாக வாசித்திருக்கிறாள். சங்கிலியில் எந்தக் கண்ணி இன்று அறுந்திருக்கிறது என்று பார்க்க வைப்பதும் அந்த வடிவத்தின் பலம்தான். மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் இந்தக் கேள்வி வராது.

ஆகவே குறளைப் போடும்போது எண், அதிகாரம், இரண்டு வரி உரை சேர்த்துப் போடுங்கள். பழமொழி என்றால், அதை எந்த வேளையில், யார் யாருக்குச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேளுங்கள். மாங்குளம், துணுக்காய், முள்ளியவளைப் பக்கத்து முதியவர்களிடம் நிறையவே கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கிளிநொச்சி