ஒற்றைப் படத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது

ஆசிரியருக்கு,

கண்ணைப் படமெடுத்தே மூளை அழுத்தத்தைச் சொல்லிவிடலாம் என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. அதில் பாதிதான் உண்மை. படம் எடுக்கும் விதத்தில் நேரும் பிழைகளையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

விழித்திரையின் மையச் சிரை, பார்வை நரம்பைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தைக் கடந்துதான் வெளியேறுகிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அந்தத் திரவம் சிரையை நெருக்கும். சிரை புடைக்கும், நரம்பு வட்டின் (பார்வை நரம்பு விழியோடு சேரும் வட்டமான இடம்) மேல் தெரியும் அதன் துடிப்பு அடங்கிவிடும். துடிப்பு தெளிவாகத் தெரிந்தால், அந்த நேரத்தில் அழுத்தம் பெரும்பாலும் 19 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாண்டியிருக்காது. தெரியாவிட்டால் நோய் என்று சொல்லிவிடவும் முடியாது. நலமாக இருப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் துடிப்பு தென்படுவதில்லை. நிழற்படத்தில் துடிப்பு பதியாது என்பதால் பத்து விநாடியாவது வீடியோ எடுக்க வேண்டும்.

மண்டைக்குள் அழுத்தம் கூடினால் நரம்பு வட்டும் வீங்கும். அந்த வீக்கத்தைத் தரம் பிரிக்கும் ஃபிரிசென் அளவுகோலில், வட்டை விட்டு வெளியேறும் இடத்தில் பெரிய ரத்தக்குழாய் மறைந்தால் 3ஆம் நிலை. ஃபோகஸ் தவறினாலும், கண்ணீர்ப் படலம் உலர்ந்தாலும் விளிம்பு இதேபோல் மங்கும். அப்போது வட்டுக்கு அப்பால் உள்ள குழாய்களைப் பாருங்கள். அவையும் மங்கலாக இருந்தால் நோயாளியைக் கண் சிமிட்டச் சொல்லி மறுபடி எடுக்க வேண்டும். வீங்கிய வட்டு மேடாக எழும்பி நிற்பதால் விழித்திரைக்கு ஒன்று, வட்டின் உச்சிக்கு ஒன்று என இரண்டு ஃபோகஸில் படம் தேவை. பச்சை வடிகட்டி போட்டால் குழாய்கள் துலங்கும்.

குழாயின் விட்டம் இதயத்துடிப்போடு சற்று மாறும். ஒரே படத்தில் அளந்து "சிரை சுருங்கிவிட்டது, சிகிச்சை பலித்தது" என்று எழுதுவது சரியல்ல. பல படங்களின் சராசரி வேண்டும். முன்பு அளந்த அதே குழாய்ப் பகுதியில், அதே உடல்நிலையில் (உட்கார்ந்தோ படுத்தோ) அளக்க வேண்டும்.

தலைக்காயம் பட்டவருக்குக் கண் பாப்பாவை (கருவிழியின் நடுவிலுள்ள துளை) விரிக்கும் சொட்டு மருந்தை, சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் ஊற்றவே கூடாது. பாப்பாவின் மாற்றம்தான் அவர்களுக்கு முக்கிய எச்சரிக்கை. அறையை இருட்டாக்கினால், சொட்டு மருந்து தேவைப்படாத கேமராவுக்குப் போதுமான 4 மி.மீ. அளவுக்குப் பலருக்குப் பாப்பா தானே விரியும்.

அழுத்தம் திடீரென ஏறிய முதல் சில மணி நேரம் வட்டு இயல்பாகவே தெரியலாம். முன்பே நலிந்த நரம்பு வீங்குவதும் இல்லை. எனவே கடும் தலைவலியும் வாந்தியும் உள்ளவரை, படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

– விழித்திரைப் படப்பிரிவுப் பணியாளர்கள்