பெருந்தரவு (பிக் டேட்டா) விற்க வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

சிறு நிறுவனங்களில் கணக்கும் இருப்பும் பார்ப்பது என் வேலை. பில்லைச் சரிபார்ப்பேன், சரக்கை எண்ணுவேன், மாதக் கடைசியில் இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவேன். உங்கள் ஆட்கள் டெமோ காட்ட வரும்போது முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் என்னைப் போன்றவர்கள்தான். நீங்கள் போன பிறகு, "நமக்கு இது ஒத்து வருமா?" என்று எங்களிடம் கேட்பார்கள். அதற்கு நான் சொல்லும் பதிலை உங்களுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அளவைப் பேசிவிடுவோம். 2001-இல் டக் லேனி என்ற ஆய்வாளர், தரவைக் கையாள்வதில் உள்ள சவால்களாக அளவு, வேகம், வகை என்று மூன்றைச் சொன்னார். 2004-இல் கூகுள் மேப்ரெட்யூஸ் என்ற கணக்கிடும் முறை பற்றிய கட்டுரையை வெளியிட்டது, 2006-இல் ஹடூப் என்ற மென்பொருள் வந்தது. ஒரு கணினியில் அடங்காத தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கிடுவதற்காகப் பிறந்தவை இந்த இரண்டும். எங்கள் கணக்கைப் பாருங்கள். நாளைக்கு 200 பில், பில்லுக்கு 5 பொருள், பொருளுக்கு ஒரு வரிப் பதிவு, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 3 லட்சம் வரி. பத்து ஆண்டு சேர்ந்தால் 30 லட்சம். வரிக்கு 100 பைட் என்று வைத்தாலும் மொத்தம் 300 எம்.பி. தான், கைப்பேசியிலேயே அடங்கிவிடும். ஒரு தாளுக்கு 10,48,576 வரி என்ற வரம்பு இருப்பதால் எக்செல் திணறும், உண்மைதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற இலவசத் தரவுத்தளம் சாதாரண மடிக்கணினியிலேயே இதைத் தாங்கும். இயந்திரங்களில் சென்சார் வைத்திருக்கும் ஆலை என்றால் கதை வேறு. நொடிக்கு ஒரு அளவீடு என்றால் ஒரு சென்சார் நாளைக்கு 86,400 வரி எழுதும், 20 சென்சார் இருந்தால் 17 லட்சத்தைத் தாண்டும். அங்கே உங்கள் பெரிய கருவிகளுக்கு வேலை இருக்கலாம். பில் மட்டும் போடும் இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. அதை எங்கள் முதலாளியிடம் நீங்களே சொல்ல வேண்டும்.

எங்கள் சிக்கல் அளவில் இல்லை. பதிவே ஆகாத விஷயங்களில் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உதிரிபாகம் விற்கும் நிறுவனம். ஒரு பேரிங் மூன்று மாதத்தில் 40, 38, 6 என்று விற்றிருந்தது. புதிதாக வாங்கிய மென்பொருள் அதைப் பார்த்து, தேவை விழுகிறது, அடுத்த மாதம் குறைத்து வாங்குங்கள் என்றது. வரைபடம் அழகாகக் கீழே இறங்கியது, முதலாளியும் நம்பிவிட்டார். உண்மையில் மூன்றாம் மாதம் 5-ஆம் தேதியே சரக்கு தீர்ந்துவிட்டது, அனுப்ப வேண்டியவர் அனுப்பவில்லை. அந்த மாதம் முழுக்க ஆட்கள் வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். "இல்லை" என்று சொன்னதற்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. குறைத்து வாங்கினோம், மறுபடியும் தீர்ந்தது, விற்பனை இன்னும் விழுந்ததாகக் கணினி காட்டியது. சில வாடிக்கையாளர்கள் அதன் பிறகு திரும்பி வரவே இல்லை.

அப்புறம் நான் ஒரு நோட்டு போட்டேன். யார் எதைக் கேட்டு நாம் இல்லை என்றோம், எந்தத் தேதியில் என்று மூன்று பத்தி, அவ்வளவுதான். கவுன்ட்டரில் இருப்பவர்களைப் பழக்குவதற்கு ஒரு மாதம் ஆனது. அந்த நோட்டைப் பார்த்து வாங்க ஆரம்பித்த பிறகுதான் பேரிங் விற்பனை பழைய நிலைக்கு வந்தது. பூஜ்யம் விற்றது என்பதும், இருப்பு பூஜ்யமாக இருந்தது என்பதும் ஒன்றல்ல. இருப்பு இல்லாத நாட்களைக் கணக்கிலிருந்து ஒதுக்குவது உங்கள் பொறியாளர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. அந்த மென்பொருளில் அதற்கு ஒரு பொத்தான்கூட இல்லாததை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

பெயர்க் குழப்பம் அடுத்தது. "போல்ட் 6", "6 எம்.எம். போல்ட்", "போல்டு-6" மூன்றும் ஒரே பொருள், மூன்று பேர் மூன்று விதமாகப் பதிந்தது. ஒரே வாடிக்கையாளர் கடனுக்கு ஒரு பெயரிலும் ரொக்கத்துக்கு இன்னொரு பெயரிலும் இருப்பார். இதைச் சரிசெய்யாமல் "உங்கள் முதல் பத்து வாடிக்கையாளர்கள்" என்று பட்டியல் போட்டால் அது தப்பாகத்தான் வரும். துப்புரவு செய்ய எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. உங்கள் விலைப்பட்டியலில் நிறுவும் வேலைக்கு இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெரிய இடங்களிலும் இந்த மாதிரி விஷயங்களில்தான் அடி விழுந்திருக்கிறது. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது என்பதுதான் காரணம். மக்கள் இணையத்தில் தேடுவதை வைத்துக் கூகுள் 2008-இல் தொடங்கிய ஃப்ளூ காய்ச்சல் கணிப்பு, தேடல் தரவு எக்கச்சக்கமாக இருந்தும், 2012-13 பருவத்தில் அமெரிக்காவின் காய்ச்சல் எண்ணிக்கையை ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சொன்னது. 2015-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கே அப்படி என்றால், எங்களைப் போன்றவர்களிடம், ஒரே ஒரு பெரிய ஆர்டர் வந்தால் மாதக் கணக்கே மாறிவிடும் இடத்தில், "செயற்கை நுண்ணறிவு அடுத்த காலாண்டைச் சொல்லும்" என்று உறுதி கொடுக்காதீர்கள். எவ்வளவு மேலே கீழே போகலாம் என்ற வரம்பையும் சேர்த்துக் காட்டுங்கள். எங்களுக்கு அது புரியும்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மென்பொருளின் சந்தாவை நிறுத்த முடிவு செய்தபோது, எங்கள் நான்கு ஆண்டு விற்பனை விவரத்தைத் திரும்பக் கேட்டோம். பி.டி.எஃப். அறிக்கைகளாகக் கொடுத்தார்கள், ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அதை வைத்து என்ன செய்வது? நாங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த தரவு அது. எந்த நாளிலும், யாரிடமும் கேட்காமல், எல்லா வரியையும் சி.எஸ்.வி. கோப்பாக (வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பு) எடுத்துக்கொள்ளும் வசதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து போட வேண்டாம் என்றுதான் இனி எந்த முதலாளியிடமும் சொல்வேன்.

பகுப்பாய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சரக்கு ஆறு மாதமாக அசையாமல் காசை முடக்கியிருக்கிறது, யார் பணம் தர நாள் கடத்துகிறார், மாதாமாதம் வாங்கியவர் யார் சத்தமில்லாமல் நின்றுவிட்டார், எவையெல்லாம் சேர்ந்தே விற்கின்றன என்ற நான்கு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே எங்கள் மாதம் மாறிவிடும். சேர்ந்து விற்பவற்றைக் கண்டுபிடிக்கும் முறை 1993-லிருந்தே இருக்கிறது. எங்களுக்கு நாற்பது வரைபடம் உள்ள டாஷ்போர்டு வேண்டாம். திங்கட்கிழமை காலையில் ஒரு பக்கம், அதைப் படித்து முடிவெடுக்க எங்களில் ஒருவருக்குப் பயிற்சி, அது போதும்.

அடுத்த முறை டெமோவுக்கு வரும்போது உங்கள் மாதிரித் தரவை எடுத்து வராதீர்கள். எங்கள் கடந்த ஆண்டுப் பில் கோப்பை, வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து, ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பி வைக்கிறோம். அதைத் திறந்து எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். "இல்லை" நோட்டையும் மேசையில் எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
கணக்கும் இருப்பும் பார்க்கும் ஓர் ஊழியர்