இனிமேல் மாத்திரை பாட்டில் அனுப்பாதே

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகளுக்கு,

புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்தால் என் கையும் காலும் மரத்துப்போகிறதே என்று மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய மாத்திரைப் பார்சல் வந்தது. பாட்டில்களைப் பிரிக்காமல் அப்படியே டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமே வேண்டாம் என்றுவிட்டார். கோபித்துக்கொள்ளாதே கண்ணு.

அந்த அசெட்டில்-எல்-கார்னிட்டின் என்ற சத்து மாத்திரையை, எனக்கு ஏற்றும் பாக்லிடாக்சல் வகை கீமோ மருந்து எடுத்த பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், மரத்துப்போவது இன்னும் அதிகமாகிவிட்டதாம். வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மஞ்சள் மாத்திரையும் கீமோ முடியும்வரை ஆகாது. ரசத்தில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. (இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது!) இயற்கை என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும், நீ மயங்கிவிடுகிறாய்.

முருங்கைக்கீரை ஆயும்போது காம்பு எது, இலை எது என்று விரலுக்குத் தெரிவதில்லை. சேலைக்கு ஊக்குக் குத்த அப்பாவைத்தான் கூப்பிடுகிறேன். அவர் குத்துகிற லட்சணத்தை நீ பார்க்க வேண்டுமே. இதை டாக்டரிடம் சொன்னதும் மருந்தின் அளவைக் குறைத்தார். பொறுத்துக்கொண்டு வாயை மூடியிருந்தால் நரம்பு பிறகு சரியாகாமலே போகலாமாம்.

மரத்துப்போவது குறையட்டும் என்று, மருந்து ஏறும்போது கைக்கும் காலுக்கும் ஐஸ் உறை மாட்டுகிறார்கள். எல்லாருக்கும் பலன் கொடுக்கும் என்று சொல்ல முடியாதாம், இருந்தாலும் மாட்டிக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டில் அக்காவுக்குக் குடலில் புற்றுநோய், ஆக்சாலிபிளாட்டின் என்ற வேறு கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். அவருக்கு ஐஸ் தண்ணீரே ஆகாது, பிரிட்ஜைத் தொட்டாலே விரல் சுள்ளென்கிறதாம். ஒருவர் வைத்தியத்தை இன்னொருவர் செய்யக் கூடாது என்பது அங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

காலையில் அப்பாவோடு தாவரப் பூங்காவில் நடக்கிறேன். சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றும் பழகுகிறேன், தடுமாறி விழாமல் இருக்க. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றிக்கொள்கிறேன். ராத்திரி அப்பா என் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறுவது இப்போதைக்கு இல்லை. வெறுங்காலில் வெயில் சுட்டாலும் எனக்குத் தெரியாது. முருகன் கோபிக்க மாட்டான்.

கெப்பாளா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. அக்குபங்சருக்கு அங்கே போகலாமா என்று கேட்டேன். ரத்த அணுக்கள் ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். வலி கூடினால் டுலொக்செட்டின் என்ற நரம்புவலி மாத்திரை தருவாராம்.

அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், முன்பக்கம் அகலமான ஷூ ஒரு ஜோடி அனுப்பு. தையல் உறுத்தாத சாக்ஸும் வை. கறுப்பு வேண்டாம்.

அன்புடன்,
அம்மா