கரண்ட் பில்லைக் குறைக்க எதை முதலில் மாற்றுவது? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கரண்ட் பில் குறைய எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறீர்கள். வாங்குவதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். அது 3200 என்றால், பத்து நொடிக்கு ஒரு மினுக்கல் ஏறக்குறைய 112 வாட். பிறகு ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பார்த்தால் எது எவ்வளவு இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். எல்லாம் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பிறகும் மினுக்கிக்கொண்டே இருந்தால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். அது பில் விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். உடனே எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

வாட்டை மட்டும் பார்க்காமல் ஓடும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் கால் மணி நேரம் சூடானால் கால் யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் 12 மணி நேரம் சுற்றினால் 0.9 யூனிட். அதனால்தான் முதலில் ஃபேனைச் சொல்கிறோம். பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடும், மின்சாரம் குறைவாக எடுக்கும் ஃபேன்) முழு வேகத்தில் 30 வாட் அளவில்தான் எடுக்கும். அதே 12 மணி நேரத்துக்கு 0.36 யூனிட். ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். ஆனால் எல்லா அறைக்கும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். இரவு முழுக்க ஓடும் படுக்கையறை ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள். எப்போதாவது போடும் அறையில் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கண்டிப்பாக நீக்கி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். அதன் வழியாகக் கொடுத்தால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு கெட்டுப்போகலாம். பழைய ஃபேனையே வைத்துக்கொள்வோருக்கு: தொட்டால் சுடும் பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றுங்கள், அந்தச் சூடு நீங்கள் காசு கொடுத்த மின்சாரம். கப்பாசிட்டர் மாற்றினால் வேகம் கூடும், பில் குறையாது.

டியூப் லைட்டில் பழைய 36 வாட் குழல், சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்குப் பக்கமாக இழுக்கும். அதற்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் லைட் வடிவ எல்.இ.டி. விளக்கு) போதும்.

கீசரில் 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 2000 வாட் எலிமென்ட்டுக்கு (உள்ளே சூடேற்றும் கம்பிக்கு) அது கால் மணி நேர வேலை. குளிப்பதற்கு 20 நிமிடம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டு வைத்தால் தொட்டி ஆற ஆற மறுபடி மறுபடி சூடேற்றிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் எலிமென்ட்டில் படியும் உப்பை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். படிவு ஏறினால் எலிமென்ட் தன் சூட்டிலேயே எரிந்துபோகும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தி வடிவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம், புது ஃபிரிட்ஜ் தேவையில்லை. பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி படிவது, ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைப்பது, இரண்டுமே கம்ப்ரசரை அதிக நேரம் ஓட வைக்கும்.

பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று விற்கப்படும் பெட்டிகளை நாங்கள் விற்பதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கப்பாசிட்டர்தான். பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கை) அது திருத்தலாம். வீட்டு மீட்டர் கணக்கிடுவதோ உண்மையில் செலவான யூனிட்டை. அந்தப் பணத்தை ஃபேனுக்கு ஒதுக்குங்கள்.

ஃபேன் வாங்க வரும்போது பழைய ஃபேனின் இறக்கை வீச்சையும் (பெரும்பாலும் 1200 மி.மீ. இருக்கும்) ஃபேன் தொங்கும் கம்பியின் நீளத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கடைப் பணியாளர்கள்