டேங்கரைப் பற்றி ஏன் கேட்கவில்லை?

பெங்களூரு குடிநீர் வினியோகம் குறித்துக் கருத்துக்கணிப்பு நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் கே.ஆர்.புரம் பக்கம் எங்கள் தெருவுக்கு உங்கள் ஆட்கள் வந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கன்னடத்தில் கேட்டார்கள், கன்னடத்திலேயே பதில் சொன்னோம். அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் கேள்வியில்தான். தற்போதைய சேவையில் திருப்தியா? தனியாரிடம் விடலாமா? தரம் கூடினால் கட்டணம் கூடுதலாகத் தருவீர்களா?

தனியாரிடம் விடலாமா என்று இப்போதா கேட்பது? போர்வெல் வற்றிப்போன எங்கள் தெருவில் அது எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. எங்களுக்குத் தண்ணீர் விற்கும் டேங்கர்காரர் யார்? அரசு ஊழியரா?

2024 கோடையில் நகரமே தவித்தபோது மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை வைத்தது. 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டர் 100 ரூபாய். அப்போது காவிரிக் குழாய் இருந்த வீட்டில் முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய்தான். கூடுதலாகத் தருவீர்களா என்று எங்களிடம் கேட்க உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

காசுகூடப் போகட்டும். சாயங்காலம் சொன்ன வண்டி ராத்திரி பதினொன்றுக்கு மேல் வரும். போன் போட்டால் "பத்து நிமிஷம்மா". சம்ப் (தரைக்கடித் தொட்டி) மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கவா முடியும்? ஓஸ் இணைப்பில் ஒழுகுகிற தண்ணீருக்குப் பின்சந்துப் பிள்ளைகள் குடம் வைப்பார்கள், டிரைவர் விரட்டுவார். 6,000 லிட்டர் என்பது அவர் வாய்ச்சொல். மீட்டரும் கிடையாது, ரசீதும் கிடையாது. எந்த போர்வெல் தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த தடவை வண்டியே வராது.

இந்தச் சேவையின் தரத்தைக் குறிக்க உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. டேங்கர்மேல் உள்ள கோபத்தில் நாங்கள் "திருப்தி இல்லை" என்று சொல்ல, அது அரசு சேவைமேல் உள்ள கோபமாக ஏறி, கடைசியில் "மக்கள் தனியாரைக் கேட்கிறார்கள்" என்று அறிக்கை வரும். அதனால்தான் சொல்கிறேன், டேங்கரைப் பற்றிக் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களையும் கேளுங்கள். நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்காக என்று 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கினார்கள், நாளைக்கு 77.5 கோடி லிட்டர். நல்ல விஷயம். ஆனால் கனெக்‌ஷனுக்குப் பணம் கட்ட வேண்டியவர் வீட்டு ஓனர், டேங்கருக்குக் கொடுப்பது நாங்கள். அவருக்கு என்ன அவசரம்?

2025-ல் ஒரே மாநகராட்சியை ஐந்தாக்கினார்களே, அதற்கு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. குப்பை வண்டி வராவிட்டால் ஐவரில் யாரைக் கேட்பது என்பதற்கும் ஒரு கணிப்பு எடுக்கலாம். சரி, அது உங்கள் வேலை இல்லை. மன்னிக்கவும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாதம் எத்தனை டேங்கர், என்ன விலை, தண்ணீர் எப்படி என்ற கேள்விகளை அடுத்த சுற்றில் சேருங்கள். கேள்வித்தாளையும் பதில்களையும் அப்படியே வெளியிடுங்கள். முடிந்தால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வாருங்கள். பகலில் நாங்கள் பாதிப்பேர் வேலைக்குப் போய்விடுகிறோம்.

இப்படிக்கு,
கே.ஆர்.புரம் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒருத்தி